ஒரே வைஃபை, ரெண்டு ஐடி: முடங்காமல் ஆட எந்த வழி நல்லது?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் ஒரு வைஃபைதான். நானும் தம்பியும் ஒரே வியூக விளையாட்டில், ஒரே உலகத்தில், ஆளுக்கொரு ஐடி வைத்து ஆடுகிறோம். போன கோடையில் ஒரு ராத்திரி அவன் ஊரை யாரோ சூறையாடிவிட்டார்கள். "அண்ணே, கொஞ்சம் தானியம் அனுப்பேன்" என்றான். மூன்று வண்டி அனுப்பினேன். அவன் போனில் சார்ஜ் இல்லை, என் லேப்டாப்பிலேயே லாகின் செய்து வாங்கிக்கொண்டான். விடிந்து பார்த்தால் ரெண்டு ஐடியும் முடக்கம். விதியை மீறி ஒரே ஆள் ரெண்டு கணக்கு வைத்திருக்கிறாராம். இரண்டு வருஷ உழைப்பு. தம்பி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

இப்படி மாட்டியவர்களுக்கு மூன்று வழி சொல்வார்கள்: விபிஎன், ஆளுக்கொரு மொபைல் டேட்டா, முன்கூட்டியே நிர்வாகத்திடம் சொல்லிவைப்பது.

விபிஎன், அதாவது வேறெங்கோ இருக்கும் ஒரு சர்வர் வழியாகச் சுற்றி நுழைவது, அறவே வேண்டாம். அந்த ஒரே சர்வர் முகவரி வழியாக முகம் தெரியாத எத்தனையோ பேர் போகிறார்கள். அதில் ஒருவர் ஏற்கெனவே முடக்கப்பட்டவராக இருந்தால் அந்தச் சந்தேகம் உங்கள் மேலும் விழும். காலையில் நெல்லை, மத்தியானம் நெதர்லாந்து என்று லாகின் பதிவு காட்டினால் எதையோ மறைக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

மொபைல் டேட்டா பரவாயில்லை. ஆனால் அதுவும் நாம் நினைக்கிற மாதிரி வேலை செய்வதில்லை. இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண் முகவரிதான் ஐபி. அதில் ஐபி வி4 என்ற பழைய முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான், உலகத்துக்கே அது பற்றவில்லை. அதனால் மொபைல் நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. வண்ணார்பேட்டையில் ஆடும் யாரோ ஒருவரும் நீங்களும் ஒரே முகவரியாகத் தெரியலாம். ஆகவே ஐபி ஒன்றாக இருப்பது மட்டும் பெரிய சாட்சி ஆகாது. ஒரே பிரௌசரில் அடுத்தடுத்து ரெண்டு ஐடி நுழைவதும், பொருள் ஒரே பக்கமாகப் போவதும்தான் கனமான சாட்சி. நாங்கள் ஒரே ராத்திரியில் ரெண்டையும் செய்திருந்தோம். டேட்டாவைப் பிரித்தாலும் அந்தத் தானிய வண்டி மறையாது. அதோடு எங்கள் தெருவில் கரண்ட் போனால் வைஃபையும் போகும், அப்புறம் தம்பி என் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் ஆடுவான். பிரித்தது அங்கேயே சேர்ந்துவிடுகிறது.

மூன்றாவது வழியைத்தான் நான் நம்புகிறேன். ட்ரைபல் வார்ஸ் என்ற விளையாட்டில் யாருடன் இணைய இணைப்பைப் பகிர்கிறோம் என்று குறிப்பிட செட்டிங்ஸிலேயே இடம் உண்டு. ஓகேம் என்ற விண்வெளி விளையாட்டில் ஒரு பிரபஞ்சத்தில் (அங்கே உலகத்துக்கு அதுதான் பெயர்) ஒருவருக்கு ஒரு கணக்குதான். ஒரே நெட்வொர்க்கில் ஆடுபவர்கள் விளையாட்டைக் கண்காணிக்கும் கேம் ஆபரேட்டரிடம் முன்பே சொல்லிவிட்டு, தங்களுக்குள் கப்பல் அனுப்பாமல் இருப்பது நல்லது. ஊருக்குப் போகும்போது பாஸ்வேர்டைத் தம்பியிடம் கொடுக்கிற பழக்கமும் வேண்டாம். டிராவியன் விளையாட்டில் நாம் இல்லாதபோது கணக்கை இன்னொருவர் பார்த்துக்கொள்வதற்கென்றே சிட்டர் வசதி இருக்கிறது, பார்த்துக்கொள்பவர் தன் சொந்தப் பாஸ்வேர்டிலேயே நுழைவார். ஈவ் ஆன்லைன் மாதிரி ஒருவரே பல கணக்கு வைக்க அனுமதிக்கும் விளையாட்டில் இந்தக் கவலையே குறைவு. அதனால் முதலில் விதியைப் படித்துவிடுங்கள்.

இந்த வழியில் நஷ்டமும் உண்டு. தம்பி அடிபட்டுக் கிடக்கும்போது ஒரு மூட்டை கூட அனுப்ப முடியாமல் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பது லேசான காரியமில்லை. அவன் நாலு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருந்தாலும் ஐடியே போவதற்கு இது எவ்வளவோ தேவலை.

முடங்கிய ஐடிகள் ஒன்பது நாள் கழித்துத் திரும்பக் கிடைத்தன. ஆளுக்கொரு மெயிலிலிருந்து, ஆளுக்கொரு கடிதம் எழுதினோம். அண்ணன் தம்பி, ஒரே வீடு, அன்றைக்கு ஒரே லேப்டாப்பில் நுழைந்தது உண்மை, தானியம் அனுப்பியதும் உண்மை என்று ஒளிக்காமல் சொன்னோம். ரெண்டு பேர் எழுத்தும் ரெண்டு விதமாக இருந்தது உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். ஒருவரே எழுதி ரெண்டு இடத்திலிருந்து அனுப்பாதீர்கள்.

இப்போது தம்பி அவன் போனில், நான் என் லேப்டாப்பில். குற்றாலச் சீசனுக்கு அத்தை மகன் ஒரு வாரம் வந்து தங்குகிறான், அவனும் அதே உலகத்தில்தான் ஆடுகிறான். எங்கள் வைஃபையில் நுழையப்போகிற அவன் ஐடியையும் தேதியையும் நிர்வாகத்துக்குப் போன வாரமே எழுதிப் போட்டாயிற்று.