காண்டாமிருகங்களைக் காணச் சென்ற கென்யப் பயணம்: ஒரு சேவை மதிப்புரை

திருநெல்வேலி சந்திப்புப் பகுதியில் இயங்கும் ஒரு பயண நிறுவனத்தின் வழியாகக் கடந்த ஆகஸ்டில் குடும்பத்துடன் கென்யா சென்று வந்தோம். விமானம், விசா, தங்குமிடம் எல்லாம் குறையின்றி அமைந்தன.

இப்பயணத்தின் உயிர்நாடி லைக்கிப்பியாவில் உள்ள ஓல் பெஜேட்டா காப்பகம். உலகில் எஞ்சியிருக்கும் வடக்கத்திய வெள்ளைக் காண்டாமிருகங்களான நஜினும் அதன் மகள் ஃபாத்துவும், ஆயுதமேந்திய காவலர்களின் இரவு பகல் கண்காணிப்பில் அங்கேதான் வாழ்கின்றன. கடைசி ஆணான சூடான் 2018 மார்ச்சில் இறந்துவிட்டது. நம் நகத்தில் உள்ள கெரட்டின்தான் கொம்பிலும் இருக்கிறது என்பதையும், 1970-இல் ஏறத்தாழ 65,000 ஆக இருந்த கறுப்புக் காண்டாமிருகங்கள் வேட்டையால் 1990-களின் நடுவில் 2,500-க்கும் கீழே சரிந்து, காவல் இறுகிய பின்னர் மெல்ல மீண்டு 6,000-ஐத் தாண்டியுள்ளன என்பதையும் வழிகாட்டி பொறுமையாக விளக்கினார். அகன்ற சதுர உதடு தரையோடு தரையாக நகர, ஃபாத்து புல்லைக் கத்தரிப்பது போல அறுத்து மேய்ந்த 'சரக் சரக்' ஓசை எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. முண்டந்துறைக் காட்டோரத்தில் யானைகளைப் பார்த்தே வளர்ந்த என் மாமனார், அதைக் கேட்டுக் கண் கலங்கி நின்றார்.

அந்த இடத்துக்கு ஒரு மணி நேரமும் நைரோபிக் கடைவீதிக்கு அரை நாளும் ஒதுக்கியது பெருங்குறை. அந்தக் காண்டாமிருகங்கள் வாழும் வேலி அடைப்புக்குள் செல்லத் தனிக்கட்டணம் உண்டென்பதையும் முன்பே சொல்லவில்லை. அந்தப் பணம் பாதுகாப்புப் பணிக்கே செல்வதால் மனமுவந்து கொடுத்தோம். முன்பதிவு செய்வோர், காப்பகத்தில் இரண்டு நாள் வேண்டும் என்று எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.