சிறுநீரகப் புற்றுநோய் மருந்துகள்: மாத்திரையா, எதிர்ப்பாற்றல் சிகிச்சையா?

பரவிவிட்ட சிறுநீரகப் புற்றுநோய்க்கு வழக்கமான கீமோதெரபி பெரிதாகப் பயன் தருவதில்லை. அதனால் மருத்துவர்கள் முதன்மையாக நம்புவது இரண்டு வகை மருந்துகளை. ஒன்று, கட்டிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களின் வளர்ச்சியைத் தடுக்கும் மாத்திரைகள். மற்றொன்று, உடலின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் ஊசி மருந்துகள். இவற்றை ஒப்பிடும்போது எது கட்டியை அதிகம் சுருக்குகிறது என்று மட்டும் பார்த்தால் போதாது; பக்கவிளைவு எப்போது தொடங்கும், மருந்தை நிறுத்தினால் நீங்குமா என்பதற்கும் அதே அளவு முக்கியத்துவம் தர வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இந்நோயில் மிகுதியாகக் காணப்படும் கிளியர் செல் வகையில் பெரும்பாலும் வி.எச்.எல். என்ற மரபணு செயலிழந்திருக்கும். அதனால் போதிய ஆக்சிஜன் இருந்தும் இல்லாததுபோல நடந்துகொள்ளும் புற்றணுக்கள், வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து புதிய இரத்தக் குழாய்களை வரவழைக்கின்றன. சுனிடினிப், பசோபனிப், ஆக்சிடினிப், கபோசான்டினிப் போன்ற மாத்திரைகள் அந்தப் புரதம் தரும் 'வளர்' என்ற செய்தி குழாய்களைச் சென்றடையாமல் தடுக்கின்றன. ஆனால் நலமான குழாய்களுக்கும் அதே செய்தி தேவை என்பதால் இரத்த அழுத்தம் உயர்கிறது, சிறுநீரில் புரதம் கசிகிறது, புண் ஆறத் தாமதமாகிறது. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து வலிப்பது, வயிற்றுப்போக்கு, களைப்பு, தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியவையும் வரும். இவை பெரும்பாலும் சில வாரங்களிலேயே தெரிந்துவிடும்; அளவைக் குறைத்தோ, சில நாள் நிறுத்தியோ பலவற்றைக் கட்டுப்படுத்த முடியும்.

மாத்திரைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. 2013இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் பசோபனிப், நோயைக் கட்டுப்படுத்துவதில் சுனிடினிப்புக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. கை கால் தோல் பாதிப்பும் களைப்பும் சுனிடினிப்பில் கூடுதலாகவும், கல்லீரல் நொதிகளின் உயர்வு பசோபனிப்பில் கூடுதலாகவும் இருந்தன. நோயாளி அன்றாடம் உணரும் துன்பம் குறைவு என்பதால் இவ்விரண்டில் பசோபனிப்பையே நான் மேலாகக் கருதுவேன். ஆனால் கல்லீரல் பரிசோதனையைத் தவறவிடாதவருக்குத்தான் அது பொருந்தும்.

நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப், இபிலிமுமாப் ஆகிய ஊசி மருந்துகள், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி அணுக்களைப் பிடித்துவைத்திருக்கும் கடிவாளத்தைத் தளர்த்துகின்றன. தளர்ந்த அணுக்கள் சில நேரங்களில் குடல், நுரையீரல், கல்லீரல், நாளமில்லாச் சுரப்பிகள் என உடலின் சொந்த உறுப்புகளையே தாக்கிவிடும். பலர் இம்மருந்துகளை எளிதாகத் தாங்கிக்கொள்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் பாதிப்பு யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் கழித்தும் வரலாம். இங்கே அளவைக் குறைப்பது வழக்கமில்லை, மருந்தை நிறுத்திவைத்து, எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டு தருவார்கள். சுரப்பிகள் பழுதானால் வாழ்நாள் முழுவதும் ஹார்மோன் மாத்திரை தேவைப்படலாம். இதற்கு ஈடாக, நிவோலுமாப்பும் இபிலிமுமாப்பும் சேர்ந்து பலனளித்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அப்பலன் பல ஆண்டுகள் நீடிக்கிறது. மாத்திரைகள் தனியாக இப்படிப்பட்ட நீடித்த பலனை அரிதாகவே தருகின்றன.

இவ்விரு வகையிலும் சேராத மாத்திரைகளும் உண்டு. அவற்றில் எவரோலிமஸ் இன்று பெரும்பாலும் சிகிச்சையின் பிந்தைய கட்டங்களுக்குரியது. வாய்ப்புண்ணும் சர்க்கரை உயர்வும் அதன் முக்கியத் தொல்லைகள். 2023இல் அமெரிக்காவில் இந்நோயின் முற்றிய நிலைக்கும் ஒப்புதல் பெற்ற பெல்சுடிஃபான், இரத்தசோகையையும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவையும் உண்டாக்கக்கூடியது.

இப்போது பலருக்கு மாத்திரையும் ஊசியும் சேர்த்தே தரப்படுகின்றன. விரைந்து வளரும் கட்டிக்கு இச்சேர்க்கை ஏற்றது. சிக்கல் என்னவென்றால், வயிற்றுப்போக்கு வந்தால் காரணம் எது என்று உடனே தெரியாது. ஆக்சிடினிப் சில மணி நேரங்களிலேயே உடலிலிருந்து பெருமளவு வெளியேறிவிடும் என்பதால், அதை நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் தொல்லை தணிந்தால் மாத்திரையே காரணம் என்று ஊகிக்கலாம். கபோசான்டினிப் பாதியளவு குறையவே ஏறத்தாழ நான்கு நாட்கள் ஆகும். அதுவரை காத்திருந்தால், காரணம் எதிர்ப்பாற்றலால் வந்த குடல் அழற்சியாக இருக்கும்போது அது முற்றிவிடக்கூடும். ஆகவே இச்சிகிச்சையில் இருப்பவர் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தாமாக விழுங்குவதற்கு முன், அன்றே தம் மருத்துவக் குழுவிடம் தெரிவித்துவிட வேண்டும்.