டியூப் ஸ்க்ரீமரா, ப்ளூஸ் டிரைவரா: 5 வாட் கிடார் ஆம்புக்கு எந்த பெடல்?

தங்கச்சிமடத்துல ஓட்டு வீடு, கிடாருக்கு 5 வாட் டியூப் ஆம்ப் (வால்வு போட்ட ஆம்ப்ளிஃபையர்), எட்டு இஞ்ச் ஸ்பீக்கர். இதுக்கு ஐபனீஸ் கம்பெனியோட டியூப் ஸ்க்ரீமர் (சத்தத்த கரகரப்பாக்குற ஓவர்டிரைவ் பெடல்) போட்டா பேஸ குறைச்சு 720 ஹெர்ட்ஸ் பக்கம் மிட்ட (பேஸுக்கும் கீச்சுக்கும் நடுவுல உள்ள சத்தத்த) தூக்கிவிடும், அதனால சின்ன ஸ்பீக்கர் கொழகொழன்னு ஆகாது, பெடல்ல டிரைவ (கரகரப்ப) கம்மி பண்ணி லெவல (வெளிய போற சத்தத்த) ஏத்துனா ஆம்ப் டியூபே கத்த ஆரம்பிச்சிரும். 1995ல வந்த பாஸ் (Boss) கம்பெனியோட ப்ளூஸ் டிரைவர் பெடல் இன்னும் திறந்த சத்தம், விரல் அழுத்தம் அப்படியே கேக்கும், ஆனா பேஸ நிறைய விடுறதால ஆம்ப் வால்யூம் ஏத்தி வச்சிருந்தா பர்ர்ருனு கிழியுது. நான் ஸ்க்ரீமர் கட்சி.

ரிவர்ப் (எதிரொலி) பெடலும் வேணுமா? லூப் (ஆம்புக்கு உள்ளயே பெடல் சொருகுற இடம்) இல்லாத ஆம்ப்னா டிரைவ் பெடலுக்கு அப்புறம் போடுங்க, அப்பயும் ஆம்ப் சத்தம் கரகரன்னு ஆனா ரிவர்போட நீளுற எதிரொலியும் சேந்து கலங்கிரும், மிக்ஸ (எதிரொலி அளவ) நல்லா குறைச்சு ஸ்ப்ரிங் மோடு (பழைய ஆம்ப் ஸ்ப்ரிங் ரிவர்ப் மாதிரி சத்தம்) போதும். எதை வாங்குனாலும் டப்பாவுல மூடி வைங்கப்பா, உப்புக்காத்துல என் ஜாக்கெல்லாம் பச்சை புடிச்சு கிடக்கு.