நுகர்வோர் ஆணையத்தில் 31 வாய்தா: ஒரு தாயின் மதிப்புரை

என் மகனுக்குச் சட்டை தைக்கும்போது இரண்டு கைகளுக்கும் தனித்தனியாக அளவெடுப்பேன். தோளிலிருந்து மணிக்கட்டு வரை வலது கை 14 அங்குலம், இடது கை 13¼ அங்குலம். அவனுக்கு வயது நான்கே முக்கால். பிறக்கும்போதே இடது தோளின் நரம்புகள் இழுபட்டுச் சேதமாகிவிட்டன. அந்தக் கை காதுக்கு மேலே எழாது. அதனால் அவனுடைய சட்டைகளுக்கெல்லாம் இடது தோள் தையலில் திறப்பு விட்டு, மூன்று பட்டன் வைத்துவிடுகிறேன். யார் உதவியும் இல்லாமல் அவனே போட்டுக்கொள்கிறான்.

இந்தக் கைக்காக நாங்கள் படியேறிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். துணிக்கடையையும் பிரியாணிக் கடையையும் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். இந்த இடத்தைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. போவதற்கு முன்பு நானும் தேடிப் பார்த்தேன். சட்டப் பிரிவுகள் கிடைத்தன. உள்ளே போனால் எங்கே உட்கார வேண்டும், எத்தனை நாள் என் தையல் கடையை அடைக்க வேண்டியிருக்கும், கைக்குழந்தையைக் கொண்டுபோகலாமா என்பதெல்லாம் கிடைக்கவில்லை. என்னைப் போல இன்னொரு தாய் தேடினால் கிடைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிரசவம் 2021 பிப்ரவரியில், எங்கள் ஊரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில். ஏழாவது மாதத்தில் பார்த்த சர்க்கரை அளவு கூடுதலாக இருந்தது, அட்டையிலும் எழுதியிருந்தார்கள். அதன்பிறகு திரும்பப் பார்க்கவில்லை. கடைசி மாதத்தில் குழந்தையின் எடையைக் கணிக்க ஸ்கேனும் எடுக்கவில்லை. பிறந்தபோது எடை 4.1 கிலோ. தலை வந்துவிட்டது, தோள் உள்ளே சிக்கிக்கொண்டது. ஆயா ஒருவர் என் மேல்வயிற்றில் கை வைத்து அழுத்தினார். டாக்டர் தலையைப் பிடித்து இழுத்தார். குழந்தை அழுதது, எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் குளிப்பாட்டும்போது என் அம்மாதான் பார்த்தார். வலது கை ஆடுகிறது, இடது கை உடம்போடு ஒட்டி, முழங்கை நீண்டு, உள்ளங்கை பின்பக்கம் திரும்பிக் கிடக்கிறது.

தோள் சிக்கிக்கொண்டது என்பதாலேயே அது யாருடைய தவறும் ஆகிவிடாது, கவனமாகப் பார்க்கும் இடத்திலும் நடக்கும் என்பதை வழக்கு நடத்தித்தான் கற்றுக்கொண்டேன். அப்போது தாயின் தொடைகளை வயிற்றை நோக்கி நன்றாக மடக்க வேண்டும், அடிவயிற்றில் இடுப்பெலும்புக்கு மேலே அழுத்த வேண்டும். மேல்வயிற்றில் அழுத்தக் கூடாது, அழுத்தினால் தோள் இன்னும் இறுக்கமாக மாட்டிக்கொள்ளும். தலையைப் பிடித்து வலுவாக இழுக்கவும் கூடாது. எங்கள் வழக்கின் அடிப்படை இதுதான்.

இனி ஆணையம். கலெக்டர் அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள பழைய கட்டடத்தின் மாடியில் ஒரு கூடம். தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் இருவர். சினிமாவில் காட்டுகிற கூண்டு கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து முன்னே போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பெற்றோரே மனு எழுதி வாதாடலாம் என்று சட்டம் சொல்கிறது. நான் முதலில் வக்கீல் இல்லாமல்தான் போனேன். அலுவலகத்தில் இருந்த எழுத்தர் என் மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதில் தேதி எல்லாம் கலந்து கிடக்கிறது. நடந்ததை நாள் வாரியாக எழுதிக்கொண்டு வாருங்கள், நான் இங்கேயே இருப்பேன்" என்றார். கையில் குழந்தையோடு நின்றவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவரும் அவர்தான். அரசு அலுவலகத்தில் இப்படி ஒரு குரலை நான் எதிர்பார்க்கவில்லை.

கட்டணம் எதுவும் இல்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் கேட்கும் இழப்பீடு எவ்வளவு என்று பார்ப்பதில்லை, சேவைக்கு நீங்கள் கொடுத்த பணம் எவ்வளவு என்றுதான் பார்க்கிறார்கள். அது 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே கிடையாது, 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்துக்கே போகலாம். என் பிரசவ பில் 62,000 ரூபாய். மருத்துவமனை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள்: கெடு இரண்டே ஆண்டுகள். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் ஏற்பார்கள்தான், ஆனால் அதற்கே தனியாக வாதாட வேண்டும். "தானாகச் சரியாகிவிடும்" என்று மருத்துவமனையில் சொன்னதை நம்பி நான் காத்திருந்தேன். மனு கொடுத்தது 2023 ஜனவரி கடைசி வாரத்தில். பிரசவமாகி இரண்டு ஆண்டு முடிய அப்போது மூன்று வாரம்தான் இருந்தது.

அந்தக் காத்திருப்பை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. பல குழந்தைகளுக்கு இந்தக் கை தானாகவே தேறிவிடுகிறது என்பது உண்மை. ஆனால் மூன்று மாதமாகியும் முழங்கையை மடக்கவில்லை என்றால் நரம்பு அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் போனபோது குழந்தைக்கு 14 மாதம். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே, கண்ணு" என்று பிசியோதெரபி பார்த்த அம்மா சொன்னார்.

மனு கொடுத்த இரண்டாவது மாதம் ஒரு பெண் வக்கீலை வைத்துக்கொண்டேன். சாட்சியம் எல்லாம் பிரமாண வாக்குமூலமாக எழுத்தில்தான் போகிறது, குறுக்கு விசாரணையும் எழுத்துக் கேள்விகளாக வருகிறது. எதிர்த் தரப்பு அனுப்பிய 40 கேள்விகளைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. அந்த வக்கீல் மேடம் என்னிடம் முதலில் கேட்டது பீஸ் அல்ல, கேஸ் ஷீட், அதாவது மருத்துவமனை எழுதி வைத்த சிகிச்சைக் குறிப்புகள். என்னிடம் இருந்தது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும். அதில் "நார்மல் டெலிவரி, தாயும் சேயும் நலம்" என்று ஒரே வரி.

மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், குறைந்தது மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் கேட்டோம். இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு, 19ஆவது நாள் கொடுத்தார்கள். பிரசவ முன்னேற்றத்தை மணிக்கு மணி குறிக்க வேண்டிய பார்ட்டோகிராப் தாள் வெற்றாக இருந்தது. தலை வந்த நேரம், உடல் வந்த நேரம், தோளை விடுவிக்க என்ன செய்தார்கள், எதுவும் இல்லை. எங்கள் பக்கத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேறு கிடைக்கவில்லை. ஆகவே என்னைப் போன்றவர்களுக்கு நான் சொல்வது: சண்டைக்குப் போகும் முன் காகிதத்தை வாங்குங்கள். கோபத்தில் முதலில் கத்திவிட்டால் காகிதம் வராது.

வேறு வழிகளும் இருக்கின்றன. காவல் நிலையத்துக்குப் போகச் சொன்னவர்கள் உண்டு. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்ற வழக்கு என்றால் மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும், வேறொரு மருத்துவரின் கருத்தையும் முன்கூட்டியே பெற வேண்டும் என்று சொல்லிவிட்டது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தால் டாக்டர் மீது நடவடிக்கை எடுக்கலாம், குழந்தைக்குப் பணம் வராது. என் மகனுக்கு இன்னும் பல ஆண்டு சிகிச்சை தேவை, அதனால் இந்த வழி. மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பானதால்தான் எங்களுக்கு இந்தக் கதவு திறந்திருக்கிறது. எல்லோருக்கும் எல்லாச் சேவையும் இலவசமாகத் தரும் மருத்துவமனைகளை அந்தத் தீர்ப்பு வெளியே வைத்தது. அங்கே பிரசவமானவர்கள் உரிமையியல் நீதிமன்றமா, உயர் நீதிமன்றமா என்று வக்கீலிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதற்காக அரசு மருத்துவமனை என்றால் ஒன்றும் நடக்காது என்று விட்டுவிடவும் வேண்டாம். சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைக்கு உரிய நேரத்தில் செய்ய வேண்டிய விழித்திரைப் பரிசோதனையைச் செய்யவில்லை. பார்வை போய்விட்டது. 2015இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது, வரப்போகும் மருத்துவச் செலவு எப்படி ஏறும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு. அந்தத் தீர்ப்பை வக்கீல் மேடம் தமிழில் சொல்லக் கேட்டேன். 19 ஆண்டுகள் அந்தத் தகப்பன் எத்தனை படி ஏறியிருப்பார் என்று நினைத்தபோது என் 31 வாய்தா பெரிதாகத் தெரியவில்லை.

ஆனாலும் 31 வாய்தா அதிகம். மூன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. எங்களுக்கு இரண்டரை ஆண்டுகள் ஆயின. உறுப்பினர் பதவி காலியாகக் கிடந்ததால் ஆறு வாய்தா வீண். மருத்துவக் கல்லூரியிலிருந்து நிபுணர் கருத்து வர ஏழு மாதம். காலை பத்தரைக்கு வரச் சொல்வார்கள், மதியம் கூப்பிட்டு அடுத்த தேதி சொல்வார்கள். குழந்தைக்குப் பால் கொடுக்க மறைவான ஓர் இடம் இல்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் என் அம்மா புடவையை விரித்துப் பிடிக்க, நான் பால் கொடுத்திருக்கிறேன். கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு அலைந்த நாட்கள் உண்டு. பெண்களும் குழந்தைகளும் வருகிற இடத்தில் இதைச் சரிசெய்வது பெரிய செலவு அல்ல. தயவுசெய்து செய்யுங்கள்.

நடுவில் சமரசம் பேசினார்கள். ஒன்றரை லட்சம் தருவதாகவும், தவறு எதுவும் நடக்கவில்லை என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும். பணத்தேவை இருந்தது. என் வீட்டுக்காரர் முடிவை என்னிடமே விட்டுவிட்டார். அந்த வரியை எழுத என் கை வரவில்லை.

வாதத்தின்போது எதிர்த் தரப்பு வக்கீல், கை பெருமளவு குணமாகிவிட்டது என்றார். என் தையல் கடை நோட்டில் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எழுதி வைத்த அளவுகளை வாக்குமூலத்தோடு சேர்த்திருந்தோம். முதல் வயதில் வித்தியாசம் கால் அங்குலம், மூன்றாம் வயதில் அரை அங்குலம். பெண் உறுப்பினர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு மகனைப் பக்கத்தில் கூப்பிட்டு, மேசை மேல் இருந்த பேனாவை இடது கையால் எடுக்கச் சொன்னார். அவன் உடம்பையே சாய்த்து எடுத்தான். கூடத்தில் யாரும் பேசவில்லை.

2025 ஆகஸ்டில் உத்தரவு வந்தது. குழந்தை பெயரில் ஆறு லட்சம் ரூபாய், 18 வயது வரை தேசிய வங்கியில் வைப்பு நிதியாக. வட்டியைச் சிகிச்சைக்கு எடுத்துக்கொள்ளலாம். எங்கள் மன உளைச்சலுக்கு ஒரு லட்சம், செலவுக்குப் பத்தாயிரம். குழந்தையும் பெற்றோரும் தனித்தனியாக நுகர்வோரே என்று 1998இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை உத்தரவில் எடுத்துக்காட்டியிருந்தார்கள். மருத்துவமனையின் காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து கொடுக்க வேண்டும். நான் கேட்டது இருபது லட்சம், இது குறைவுதான். ஆனால் உத்தரவின் ஒன்பதாம் பக்கத்தில் "சேவைக் குறைபாடு நிரூபிக்கப்பட்டுள்ளது" என்ற வரி இருக்கிறது. நான் ஒருக்களித்துப் படுத்ததால்தான் குழந்தைக்கு இப்படி ஆனது என்று சொந்தக்காரர்களே சொன்ன காலம் உண்டு. அந்தப் பக்கத்தை நகல் எடுத்து மாமியாரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஊழியர்களின் அணுகுமுறைக்கும் கட்டணமில்லாததற்கும் முழு மதிப்பெண், காலத்துக்கும் வசதிக்கும் குறைத்துவிட்டேன்.

பணம் இன்னும் கைக்கு வரவில்லை. பாதித் தொகையைக் கட்டிவிட்டு, 45 நாள் கெடுவுக்குள் மாநில நுகர்வோர் ஆணையத்தின் மதுரை அமர்வில் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். முதல் வாய்தா அடுத்த மாதம் 12ஆம் தேதி. அன்று அவனுக்குப் பிசியோதெரபியும் இருக்கிறது. என் அம்மா கூட்டிக்கொண்டு போவார்.