65 சென்டிமீட்டர் பந்தும் என் கடைசி ஆறு வாரங்களும்

34ஆவது வாரத்தில் வயிற்றைத் தொட்டுப் பார்த்த மருத்துவர், "தலை கீழேதான் இருக்கு. குழந்தையோட முதுகு மட்டும் உங்க முதுகுப் பக்கம் சாய்ஞ்சிருக்கு" என்றார். எனக்குப் பக்கென்றது. மூத்தவள் பிறந்தபோதும் இதே கதைதான். அன்று வலி வயிற்றில் தெரியவே இல்லை, முழுக்க முழுக்க அடிமுதுகில்தான். வீட்டுக்கு வந்த கையோடு பிரசவப் பந்து ஒன்றை, அதாவது கர்ப்பிணிகள் உட்காரவும் சாய்ந்துகொள்ளவும் வைத்திருக்கும் பெரிய காற்றுப் பந்தை, ஆர்டர் செய்துவிட்டேன். ஆறு வாரம் தினமும் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் அளவு. என் உயரம் 163 சென்டிமீட்டர், அதனால் 65 எடுத்தேன். உயரம் குறைந்தவர்களுக்கு 55, நல்ல உயரமானவர்களுக்கு 75 பொருந்தும். பெட்டியில் உள்ள அட்டவணையைவிட உட்கார்ந்து பார்ப்பதுதான் சரியான சோதனை. பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் படிய வேண்டும், இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும். முழங்கால் மேலே ஏறி நின்றால் பந்து சிறியது, அல்லது காற்று போதவில்லை. எனக்கு இரண்டாவது விஷயம்தான் நடந்தது. கண்மதிப்பில் காற்றடித்துவிட்டு, "இவ்வளவுதான்போல" என்று இரண்டு நாள் தாழ்வாகவே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சுவரில் 65 சென்டிமீட்டருக்கு ஒரு பென்சில் கோடு போட்டு, பந்தைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் நான்கு விரல் குறைவு! முதல் நாள் முக்கால்வாசி அடித்து, ஒரு நாள் அப்படியே விட்டு, மறுநாள் மீதியை அடியுங்கள். ரப்பர் நெகிழ்ந்து கொடுத்த பிறகுதான் முழு அளவு வரும்.

குறை என்றால் காற்றடிக்கும் துளையை மூடும் அந்த வெள்ளை அடைப்பான். எவ்வளவு அழுத்தினாலும் விளிம்பு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, நான்கு நாளுக்கு ஒருமுறை பந்து தொய்ந்துபோனது. கூடவே வந்த இரண்டாவது அடைப்பானைப் போட்டதும் சரியாகிவிட்டது. இன்னொன்று, வழவழப்பான தரையில் இதில் உட்காரவே உட்காராதீர்கள். முதல் நாள் எழுந்திருக்கும்போது பந்து பின்னால் நழுவியது. கணவர் தோளைப் பிடித்திருந்ததால் தப்பித்தேன். அதற்குப் பிறகு கீழே யோகா விரிப்பு, பின்னால் சுவர், கைக்கெட்டும் தூரத்தில் கனமான நாற்காலி, மூன்றும் இல்லாமல் உட்காரவில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 'குழந்தையைச் சரியான நிலைக்குத் திருப்பும்' என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்டிருக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 2,500க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2004இல் வெளியானது. ஒரு பாதிப்பேர் 37ஆவது வாரத்திலிருந்து தினமும் இரண்டு வேளை, பத்துப் பத்து நிமிடம், கையும் முழங்காலும் ஊன்றி இடுப்பை அசைத்தார்கள். மற்றவர்கள் அதைச் செய்யவில்லை. பிறக்கும் நேரத்தில் குழந்தை முகம் மேலே பார்த்தபடி, அதாவது முதுகு தாயின் முதுகுப் பக்கமாக, இருந்தது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். பந்தை அணைத்து மண்டியிடுவதும் கிட்டத்தட்ட இதே நிலை. குழந்தை திரும்பவில்லை என்றால் ஒரு தாய், 'நான் ஒழுங்காகச் செய்யவில்லையோ' என்று தன்னையே நொந்துகொள்வாள். அந்தப் பாரத்தை அவள் தலையில் வைக்க வேண்டாம்.

சரி, பிறகு எதற்கு இது? முதுகுக்கு. மாலையில் தலையணை மேல் மண்டியிட்டு, பந்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதன்மேல் சாய்த்து இடுப்பை மெதுவாக ஆட்டுவேன். வயிறு முன்னால் தொங்கும், அடிமுதுகிலிருந்து யாரோ மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருக்கும். தொப்புளைச் சுற்றி எனக்கு ஒரு பள்ளம் இருந்தது. குழந்தையின் கைகால் முன்பக்கம் இருந்தால் அப்படித் தெரியுமாம். ஒரு நாள் அந்த நிலையிலேயே சின்னக் குதிகால் ஒன்று தொப்புளுக்கு வலப்புறத்திலிருந்து விலாவரை உள்ளேயே உருண்டு போனது. மறுநாள் காலை பள்ளம் நிரம்பி வயிறு உருண்டையாக இருந்தது. மூன்றாம் நாள் பழையபடி பள்ளம்! கடைசிவரை அவன் இஷ்டத்துக்குத்தான் புரண்டான்.

வலி வந்த பிறகுதான் பந்தின் அருமை தெரிந்தது. ஒவ்வொரு வலிக்கும் அதன்மேல் சாய்ந்துகொள்வேன், கணவர் உள்ளங்கையால் அடிமுதுகை அழுத்திப் பிடிப்பார். படுத்திருந்தபோது பல்லைக் கடித்த வலியை, இப்படி மூச்சுவிட்டே கடக்க முடிந்தது. நடுவில் அவன் தானாகத் திரும்பிக்கொண்டான். இப்படி இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை பிரசவ வலியின்போது தாமாகவே திரும்பிவிடும். அதனால் அந்தப் பெருமையைப் பந்துக்குக் கொடுக்க மாட்டேன்.

என் தோழி ஒருத்தி, "எனக்குக் குழந்தை தலை மேலே இருக்கு, உன் பந்தைத் தர்றியா?" என்று கேட்டாள். கொடுத்தேன், ஆனால் அதை நம்பி நாளைக் கடத்தாதே என்றேன். மாதம் நிறைந்த பிறகும் நூற்றுக்கு மூன்று நான்கு குழந்தைகள் அப்படித்தான் இருக்கும். 36, 37ஆவது வாரத்தில் மருத்துவரே வயிற்றின் மேல் கைவைத்துத் திருப்பிப் பார்க்கும் முறை உண்டு, ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பலிக்கும். அதை மருத்துவமனையில், குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனித்தபடிதான் செய்வார்கள். வேறு யாரையும் வயிற்றை அமுக்கித் திருப்ப விடாதீர்கள்.

நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, ரத்தக்கசிவு, ரத்த அழுத்தம் என்று ஏதாவது சொல்லியிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் பந்தைத் தொட வேண்டாம். அசைவு குறைந்தமாதிரி தோன்றினால் பந்தில் உட்கார்ந்து எழுப்பப் பார்க்காதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று, பெட்டியின் மேல் போட்டிருக்கும் அந்த ஒரு வரிக்காக.