திரும்பக் கூப்பிட்டார்கள், எடுத்துப் போகவில்லை: ஒரு 5 லிட்டர் குக்கர் அனுபவம்

சித்தி மகள் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பி, "அக்கா, உங்க வீட்டுல இருக்கிற அதே குக்கர்தானே இது? இப்ப பாதி விலைக்குப் போட்டிருக்கான், வாங்கட்டுமா?" என்று கேட்டாள். பார்த்தேன். கைப்பிடியின் நிறம், மூடியின் வளைவு, அடியில் இருக்கிற வட்டம் வட்டமான கோடுகள் எல்லாம் அதேதான். மேலே ஒட்டியிருக்கும் பெயர் மட்டும் வேறு. "வாங்காதே" என்று பதில் போட்டேன். "நல்லா இல்லையா?" என்றாள். நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் குக்கருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். 5 லிட்டர், வெளிமூடி, அலுமினியம், இன்டக்‌ஷனிலும் வைக்கலாம். அளவு, எடை எல்லாம் எந்த விளம்பரத்திலும் கிடைக்கும், அதை விடுங்கள். நான் சொல்ல நினைப்பது பருப்புத் தண்ணீரைப் பற்றி. இதற்கு முன் வைத்திருந்த குக்கரில் துவரம்பருப்பு வைத்தால் ஒவ்வொரு விசிலுக்கும் வெயிட் வழியாக மஞ்சள் தண்ணீர் பீய்ச்சும். அடுப்பு, பின்னால் இருக்கும் டைல்ஸ், பக்கத்தில் வைத்த காப்பித்தூள் டப்பா வரைக்கும் பொட்டுப் பொட்டாகக் காய்ந்து கிடக்கும். இந்தக் குக்கரில் அந்தப் பிரச்சினையே வந்ததில்லை. மூடியின் நடுப்பகுதி கொஞ்சம் மேடாக இருக்கிறது, பருப்பின் நுரை வெயிட் துளை வரைக்கும் ஏறுவதில்லை. விசில் வரும்போது வெறும் ஆவிதான் வரும். பருப்பு நாலு விசிலில் மசிந்துவிடும், பொங்கல் அடிபிடிக்காது, ஆட்டுக்கறி சொன்ன நேரத்தில் வெந்துவிடும். இத்தனை வருட உபயோகத்துக்குப் பிறகும் அடி வளையவில்லை. சமையலறையில் இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம் ஒரு நாள் அந்தக் குறுஞ்செய்தி வந்தது. நீங்கள் வாங்கிய பொருள் உரிய தரநிலைக்கு உட்பட்டதல்ல, உடனே பயன்பாட்டை நிறுத்தவும், விவரங்களுக்கு இந்த இணைப்பைத் தட்டவும் என்று. இணைப்பைத் தட்டச் சொல்லி வருகிற செய்திகளை நம்பாதே என்றுதானே வங்கியிலிருந்து போலீஸ் வரைக்கும் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்? ஏமாற்றுவேலை என்று நினைத்து அழிக்கப் போனேன். மின்னஞ்சலிலும் அதே செய்தி ஆர்டர் எண்ணோடு வந்திருந்ததால் நிஜம் என்று தெரிந்தது. வாங்கியது ஒரு சின்ன இணையக்கடையில், பெயர் வேண்டாம்.

இதற்குப் பின்னணி இருக்கிறது. வீட்டு உபயோகப் பிரஷர் குக்கர்கள் ஐ.எஸ். 2347 என்ற இந்தியத் தரநிலைப்படிதான் இருக்க வேண்டும் என்ற ஆணை 2021 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கரை விற்பதே குற்றம். ஆனாலும் இணையத்தில் விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் களத்தில் இறங்கியது. அமேசான் வழியாக விற்ற 2,265 குக்கர்களையும் ஃப்ளிப்கார்ட் வழியாக விற்ற 598 குக்கர்களையும் வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லித் திரும்பப் பெற வேண்டும், பணத்தைக் கொடுக்க வேண்டும், ஆளுக்கு 1 லட்சம் அபராதம் என்று உத்தரவு போட்டது. இரண்டு கம்பெனிகளும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அபராதத் தொகையைக் கட்டிவைத்துவிட்டு, வாங்கியவர்களுக்குத் தகவல் அனுப்புங்கள் என்றது நீதிமன்றம். நான் வாங்கிய கடை இந்த இரண்டும் இல்லை.

அந்த அபராதக் கணக்கை மட்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 2,265 குக்கருக்கு 1 லட்சம் என்றால் ஒரு குக்கருக்கு 44 ரூபாய் சொச்சம். அந்தக் காசுக்கு நல்ல கம்பெனி கேஸ்கட் ஒன்று வாங்க முடியாது. அந்த விற்பனையில் அமேசானுக்குக் கிடைத்த கட்டணமே 6 லட்சத்துக்கு மேல் என்று ஆணையமே சொல்லியிருக்கிறது. சரி, சட்டம் தெரிந்தவர்கள் அதற்கு ஏதாவது காரணம் வைத்திருப்பார்கள்.

என் கோபம் வேறு இடத்தில். எனக்கு வந்த செய்தியில் குக்கரில் என்ன கோளாறு என்று ஒரு வரி இல்லை.

குக்கர் எப்படி வேலை செய்கிறது என்பது தினமும் சமைக்கிற யாருக்கும் தெரியும். உள்ளே அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி பக்கம் போய்க் கொதிக்கிறது. அழுத்தம் அளவை மீறினால் வெயிட் தூக்கி வெளியே விடும். வெயிட் துளையில் பருப்புத் தோலோ புளிச்சக்கையோ அடைத்துக்கொண்டால் சேஃப்டி வால்வில் இருக்கும் உலோகம் உருகி வழிவிட வேண்டும். அதுவும் கைவிட்டால், மூடியின் ஓரத்தில் இருக்கும் திறப்பு வழியாக கேஸ்கட் பிதுங்கி ஆவியை விட வேண்டும். இப்படி ஒன்று போனால் இன்னொன்று. என் குக்கரில் இதில் எது சரியில்லை? சேஃப்டி வால்வின் உலோகம் உருக வேண்டிய சூட்டில் உருகாதா? கைப்பிடியின் கொக்கி அழுத்தத்தில் நழுவுமா? அலுமினியம் மெல்லிசா? அல்லது குக்கர் நன்றாகத்தான் இருக்கிறது, உரிமம் வாங்காமல் விற்றது மட்டும்தான் தப்பா? இந்த நாலுக்கும் வித்தியாசம் இல்லையா? முதல் மூன்றில் ஒன்று என்றால் அன்றைக்கே அடுப்பை விட்டு இறக்கிவிடுவேன். நாலாவது என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு பருப்பு வைப்பேன். பயப்படு என்று சொன்னவர்கள் எதற்குப் பயப்பட வேண்டும் என்று சொல்லவில்லை.

முடியாத காரியம் ஒன்றுமில்லை இது. 2020 நவம்பரில் அமெரிக்காவில் சன்பீம் கம்பெனி தன் க்ராக்-பாட் எக்ஸ்பிரஸ் மல்டி குக்கர்களைத் திரும்பக் கூப்பிட்டது, 9 லட்சத்துக்கும் மேல். மூடி முழுதாகப் பூட்டாமலே உள்ளே அழுத்தம் ஏறுகிறது, அதனால் மூடி திடீரென்று கழன்றுவிடலாம் என்று கோளாறை அப்படியே சொன்னார்கள். மூடி கழன்றதாக 119 புகார்கள், 99 பேருக்குத் தீக்காயம் என்று கணக்கையும் வெளியிட்டார்கள். பிரஷரில் வைக்காதீர்கள், மெதுவாகச் சமைக்கவும் வதக்கவும் பயன்படுத்தலாம், புது மூடி இலவசமாக வரும் என்று சொல்லி முடித்தார்கள். படித்த ஆளுக்கு அன்றைக்குச் சமையலறையில் என்ன செய்வது என்று தெரியும். அவ்வளவு பேருக்குக் காயம் பட்ட பிறகுதான் வந்தது என்பது வேறு விஷயம்.

இங்கே நான் வாடிக்கையாளர் சேவைக்கு அடித்தேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "மேம், உங்க ஆர்டருக்கு ரிட்டர்ன் டைம் முடிஞ்சிருச்சு மேம்." அம்மா, நீங்கள்தானே திரும்பக் கொடுக்கச் சொன்னீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. "சிஸ்டத்துல அப்படித்தான் மேம் காட்டுது." பிறகு பேசியவர்கள் அட்டைப்பெட்டி இருக்கிறதா என்றார்கள். குக்கர் வந்த பெட்டியில் அந்த வருடமே கொலு பொம்மைகளைக் கட்டிப் பரணில் போட்டாயிற்று. கடைசியில் பணம் வந்தது, அவர்கள் கடையிலேயே செலவழிக்க வேண்டிய கூப்பனாக. குக்கரை எடுத்துப்போக யாரும் வரவில்லை. கேட்டதற்கு, "நீங்களே டிஸ்போஸ் பண்ணிருங்க மேம்" என்று பதில். பழைய பாத்திரக்காரரிடம் போட்டால் அவர் பளபளவென்று தேய்த்து இன்னொரு வீட்டுக்குக் குக்கராகத்தானே விற்பார்?

ஆனால் இதெல்லாம் பெரிதில்லை. நான் வாங்கியது இரண்டு குக்கர். இன்னொன்று நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு, என் வீட்டுக்காரர் அண்ணன் முறைக்குச் செய்த சீர்த்தட்டில், பட்டுப்புடவைக்கும் வெற்றிலை பாக்குக்கும் பக்கத்தில் உட்கார்ந்து போனது. திரும்ப அழைப்புச் செய்தி வாங்கினவர் போனுக்குத்தானே வரும்? சமைக்கிறவர் போனுக்கு வராது. ஆக, சீராகக் கொடுத்த குக்கர் வெடித்தாலும் வெடிக்கும் என்று அந்த வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"அண்ணி, நல்லாத்தானே வேகுது? அப்புறம் எதுக்கு?" என்றாள் நாத்தனார். என்ன கோளாறு என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு? தரநிலை, ஆணை, முத்திரை என்று நான் இழுத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து அவள் மாமியார் குரல் தெளிவாகக் கேட்டது: "என்னடி, செஞ்ச சீரைத் திருப்பிக் கேக்குறாங்களாமா?" அதற்கு மேல் நான் என்ன பேச? ஐ.எஸ்.ஐ. போட்ட வேறு குக்கர் ஒன்று வாங்கி அனுப்பினேன். அது இப்போது அவர்கள் வீட்டு அலமாரியில் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. சீர்க் குக்கர்தான் தினமும் அடுப்பில். கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் நம் ஊரில் மாறுகிற குக்கர்களை நினைத்துப் பாருங்கள். ஒரே வீட்டுக்கு மூன்று வந்து, இரண்டு வேறு கல்யாணங்களுக்குக் கைமாறிப் போகும். அந்த 2,265 குக்கர்களை வாங்கியவர்களில் எத்தனை பேர் தாங்களே சமைக்கிறவர்கள்?

நியாயத்துக்குச் சொல்ல வேண்டும்: எனக்காவது செய்தி வந்தது. இதே குக்கரைச் சந்தையில் ரொக்கம் கொடுத்து வாங்கியிருந்தால் எந்தக் காலத்திலும் யாரும் சொல்லியிருக்கப் போவதில்லை. இணையக்கடையிடம் நம் பெயரும் முகவரியும் இருப்பதால் கிடைத்த ஒரே நன்மை அது. அதையும் முழுசாகச் செய்யாமல் அரைகுறையாகச் செய்ததுதான் எரிச்சல்.

செய்தி வந்த பிறகு தெருமுனைப் பாத்திரக் கடைக்குக் குக்கரை எடுத்துக்கொண்டு போனேன். கேஸ்கட், வெயிட் எல்லாம் மாற்றித் தருகிற பெரியவர் அவர். மூடியைத் திருப்பி, விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். "ஐ.எஸ்.ஐ. குத்து இல்லையேம்மா" என்றார். பிறகு சேஃப்டி வால்வை நகத்தால் சுண்டி, "இதுக்கு மாத்து எங்கயும் கிடைக்காது. வேற கம்பெனி வால்வு மரை ஏறாது" என்றார். கேஸ்கட்டும் அப்படித்தான். பிரபல கம்பெனியின் 5 லிட்டர் கேஸ்கட்டைப் போட்டுக் காட்டினார், ஒரு பக்கம் உட்கார்ந்தது, மறுபக்கம் ஒரு விரல் அளவுக்குத் தொங்கியது. அந்த ஒரு பார்வையில் எனக்குக் கிடைத்த விவரம் கம்பெனியின் இரண்டு மின்னஞ்சலில் இல்லை. கேஸ்கட்டும் வால்வும் தேய்கிற சாமான்கள். மாற்றுச் சாமான் கிடைக்காத குக்கர் இன்றைக்கு நன்றாக இருந்தாலும் நாளைக்கு நன்றாக இருக்காது. எனக்கு அது போதும், மூடியைக் கழற்றி வைத்துவிட்டேன். இப்போது அந்தப் பாத்திரத்தில் வெந்நீர் போடுகிறேன், பனங்கிழங்கு அவிக்கிறேன். வெயிட் தனியாக, மூடி தனியாக இருக்கின்றன.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேலை. ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டும் இருந்தால் போதாது, அதை யார் வேண்டுமானாலும் குத்திவிடலாம். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 2347 என்றும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை, முத்திரை கொடுக்கிற இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம், இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். கடையிலேயே நின்று பார்த்துவிடலாம். பிரச்சினை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் அங்கேயும் சொல்லி வைத்தேன். கூப்பன் வந்தது அதற்குப் பிறகுதான். அதனால்தான் வந்தது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார், இருக்கலாம்.

சமையலுக்கு என்று கேட்டால் இந்தக் குக்கருக்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் தயங்காமல் கொடுப்பேன். வாங்கலாமா என்றால் கூடாது, பாதி விலைக்கும் கூடாது, சும்மா கொடுத்தாலும் கூடாது. கூப்பனைத் தொடவே மனசில்லாமல் கைக்காசில் ஒரு ஐ.எஸ்.ஐ. குக்கர் வாங்கியிருக்கிறேன். விலை கூட, கனம் கூட, பருப்பு வைத்தால் டைல்ஸ் வரைக்கும் பீய்ச்சுகிறது. துடைத்துக்கொள்கிறேன்.