போட்டோஜிம்ப்: நாலு வருஷத்துக்குப் பிறகும் அந்த மஞ்சள் கோடு

நெல்லிக்குப்பத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். "அண்ணே, நீங்க அந்த ஜிம்ப்லதானே ஓட்டுறீங்க? போட்டோஷாப் சந்தா கட்டி மாளல. நானும் மாறிடவா?" என்றார். ஜிம்ப் என்பது இலவசமாகக் கிடைக்கும் படம் திருத்தும் மென்பொருள். உடனே பதில் சொல்ல முடியவில்லை. கடை சிஸ்டத்தில் ஹார்டு டிஸ்க் போய், புதிது மாட்டி, எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிக்கொண்டிருந்த நேரம் அது.

எனக்குத் திருப்பாதிரிப்புலியூரில் கடை. பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான் அன்றாடப் பிழைப்பு. முகூர்த்த மாதங்களில் பத்திரிகை, பேனர் டிசைன். 2021இல் கடை போட்டபோது போட்டோஷாப்பைக் காசு கட்டாமல் ஓட்ட க்ராக் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். மனசு ஒப்பவில்லை. 2013இல் இருந்து அதன் புதிய பதிப்புகள் சந்தாவுக்குத்தான். ஜிம்ப் போட்டேன், அதன் மேல் போட்டோஜிம்ப்.

போட்டோஜிம்ப் தனி மென்பொருள் இல்லை. பிரேசிலில் லினக்ஸ் பற்றி எழுதும் டியோலினக்ஸ் தளத்து ஆட்கள் இலவசமாகத் தரும் செட்டிங் கோப்புகள், அவ்வளவுதான். ஜிம்பின் செட்டிங் ஃபோல்டரில் கொண்டுபோய்ப் போட்டால் டூல்கள் நிற்கும் இடமும் ஷார்ட்கட் கீகளும் போட்டோஷாப் மாதிரி ஆகிவிடும். ஹார்டு டிஸ்க் போனபோது அந்த ஃபோல்டரும் போனது. மூன்று நாள் வெறும் ஜிம்பில் வேலை பார்த்தேன்.

கடை போடுவதற்கு முன்னால் பத்து வருஷம் போட்டோஷாப்பில் பழகிய கை இது. செலக்‌ஷனை நீக்க வேண்டுமென்றால் தானாகக் கன்ட்ரோல்-டி அழுத்தும். வெறும் ஜிம்பிலோ அதை அழுத்தினால் படத்துக்கே இன்னொரு நகல் திறக்கும். முதல் நாள் மாலை மேலே வரிசையாக ஒரே பிள்ளையின் முகம் பதினான்கு தடவை. எதில் பின்னணியை வெள்ளையாக்கினேன் என்று தேடி, கடைசியில் திருத்தாத படத்தை எட்டு பிரிண்ட் போட்டுவிட்டேன். பேப்பரும் இங்க்கும் போனதை விடுங்கள், அந்தப் பிள்ளையின் அப்பா பஸ்ஸைத் தவறவிட்டார்.

நாலாம் நாள் போட்டோஜிம்பை மறுபடி இறக்கிப் போட்டதும் கை அமைதியானது. அதனால் இதைக் 'காப்பி' என்று மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. தொழிலாளிக்கு அவன் கைப்பழக்கம்தான் சொத்து. அந்தச் சொத்தோடு இங்கே வா என்று ஒருவர் கூப்பிடுவது பெரிய மரியாதை.

ஆனால் முகம் ஒன்றாகி, உள்ளே வேறாக இருப்பதில் ஒரு வலி இருக்கிறது. படத்தை அடுக்கடுக்காக வைத்துத்தான் வேலை செய்வோம், அந்த அடுக்குதான் லேயர். ஜிம்பில் ஒவ்வொரு லேயருக்கும் தனி நீள அகலம் உண்டு. சுற்றி மஞ்சளும் கறுப்புமாக விட்டு விட்டு ஒரு கோடு தெரியும். அதற்கு வெளியே பிரஷ் வைத்தால் ஒன்றும் படியாது. போட்டோஷாப்பில் கேன்வாஸ் முழுக்க எங்கே வைத்தாலும் படியும். இது பிழை இல்லை, ஜிம்ப் முதலிலிருந்தே அப்படித்தான். போட்டோஜிம்ப் மாற்றுவது தோற்றத்தையும் கீகளையும். இந்த எல்லையை அது தொடுவதில்லை.

2021இல் முதல் தடவை இது நடந்தபோது மவுஸ் போய்விட்டது என்று நினைத்துப் புது மவுஸ் வாங்கினேன். பார்க்க அந்நியமாக இருந்திருந்தால் கை எச்சரிக்கையாக இருந்திருக்கும். பழகிய முகத்தை நம்பித்தானே ஏமாறுகிறோம்?

2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் இதற்கு வழி செய்தார்கள். பிரஷ் ஆப்ஷனில் 'எக்ஸ்பேண்ட் லேயர்ஸ்' என்று ஒரு டிக். போட்டுவிட்டால் பிரஷ் போகும் இடத்துக்கு லேயரும் விரியும். எனக்குப் பெரிய நிம்மதி அது. புது ஹார்டு டிஸ்க்கில் அந்த டிக்கைப் போட மறந்துவிட்டேன்.

அன்றைக்குப் பார்த்து ஒரு குடும்பம் வந்தது. மறுநாள் காரியம். பெரியவரின் தனிப் படம் ஒன்றுகூட இல்லை, ஒரு கல்யாண குரூப் போட்டோவில் ஓரமாக நிற்கிறார். முகத்தை வெட்டிப் புதுக் கேன்வாஸில் ஒட்டினேன். இடது தோள் பாதியில் நின்றது. சட்டை நிறத்தைப் பிரஷ்ஷால் இழுத்து தோளை முழுசாக்கப் பார்க்கிறேன், மஞ்சள் கோட்டோடு நிற்கிறது. பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "ஏன் தம்பி, வராதா?" என்று கேட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு நிமிஷத்தில் சரிசெய்து கொடுத்துவிட்டேன். ஆனாலும் அவரை அப்படிக் கேட்க வைத்த கோபம் போகவில்லை.

அதே படத்தின் கீழே பெயர் போடும்போதுதான் இதை ஏன் விடாமல் வைத்திருக்கிறேன் என்றும் தெரிந்தது. மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரியை அப்படியே எடுத்து ஒட்டினேன். கொம்பு, கால், 'ஸ்ரீ' எல்லாம் அதனதன் இடத்தில் வந்து நின்றன. நான் முன்பு பழகிய பழைய போட்டோஷாப்பில், வாட்ஸ்அப்பில் வருவது போன்ற யூனிகோடு தமிழை ஒட்டினால் எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் உட்காரும். பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றி, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். இப்போதைய பதிப்புகளில் அதற்கும் வசதி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாலு வருஷமாக என் கடையிலிருந்து ஒரு பத்திரிகைகூட எழுத்து உடைந்து போனதில்லை. இது போட்டோஜிம்ப் தந்த வசதி இல்லை, ஜிம்பிலேயே இருப்பது.

நண்பருக்கு ராத்திரி போன் செய்து, "வேண்டாம் தம்பி. ஆவணி முகூர்த்தம் நெருங்குது, சந்தாவையே கட்டு" என்றேன். "அப்ப நீங்க?" என்றார். நான் மாற மாட்டேன் என்றேன்.

செட்டிங் ஃபோல்டரை அந்த டிக்கோடு சேர்த்து ஒரு பென் டிரைவில் எடுத்துக் கல்லாப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.